அங்குல மரையும் மீட்டர் மரையும்

இரும்பு, மரம், செம்பு, கல், பொன் என்னும் ஐந்தனுள் ஏதேனும் ஒன்றைக் கைக்கொண்டு பிழைத்த குடும்பங்களே நம் சங்கத்திற் பெரும்பாலன. இவ்வைந்து தொழிலாருள்ளும் மரையாணியோடு பழக்கமில்லாதார் மிகச் சிலரேயாவர். தச்சர் கதவிற் பூட்டுக்குத் திருகாணி முடுக்குவர். கன்னார் விளக்கின் தண்டையும் தட்டையும் மரையால் இணைப்பர். தட்டார் மகளிர் காதணிக்குச் சுரை செய்வர். இரும்பு வேலை செய்வார்க்கோ மரையின்றி ஒரு நாளும் கழியாது. அவ்வாறிருந்தும், இம்மரையின் வரலாறு யாது, நம் புதுவை நகரில் இரு வகை மரைகள் வந்து கலந்தது எங்ஙனம், அக்கலப்பினால் விளைந்த துன்பம் யாது என்பனவற்றை எழுத்திற் கண்டிலேம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இக்காலத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களிற் கற்று வருகின்றனர். அவர்க்கும், பழம் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் பெரியோர்க்கும் பயன்படுமென்று கருதி இதனை எழுதுகின்றோம்.

முதற்கண் சொற்களைத் தெளிந்து கொள்வோம். ஆணியின் உடலைச் சுற்றி ஏறிச் செல்லும் வரம்பே மரை. ஒரு வரம்பின் உச்சியினின்று அடுத்த வரம்பின் உச்சி வரையுள்ள தூரத்தைப் பட்டறையிற் பிட்சு என்பர். இங்கு நாம் மரையிடை என்போம். வரம்பின் இரு சரிவுகளும் தம்முட் கூடும் கோணம் ஒன்றுண்டு. அதனைப் பலர் கண்ணெடுத்தும் பாரார். ஆணியின் பருமன், மரையிடை, கோணம் ஆகிய மூன்றும் ஒத்திருந்தாலன்றி ஒரு போல்ட்டும் ஒரு நட்டும் உண்மையிற் பொருந்தியவை ஆகா. இவற்றுள் மரையிடையையும் கோணத்தையும் சோதிக்கும் கருவியே மரையளவி. பட்டறையார் திரெட் கேஜ் என்றும் பிட்சு கேஜ் என்றும் வழங்குவர். பேனாக்கத்தி போல ஒரு கூட்டினுள் மடங்கிக் கிடக்கும் பல எஃகுத் தகடுகளும், ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ரம்பப் பற்கள் போன்ற பற்களும், அருகில் ஓர் எண்ணும் உடையது அது.

மரை செய்வது பழைய கலையே. ஆயின், ஒருவர் செய்த மரைக்கு மற்றொருவர் செய்த சுரை பொருந்தவேண்டும் என்னும் எண்ணம் மிகப் புதியது. இதனை விளக்க நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் இல்லத்துப் பெண்டிர் அணியும் தோட்டினைப் பாருங்கள். ஒரு தட்டார் செய்த தோட்டின் திருகு தொலைந்து போயிற்றாயின், வேறொரு தட்டார் கடையிலுள்ள திருகு அதிற் சேர்வது அரிது. பழைய கைவேலைத் தோடுகளில் வலக்காதுச் சுரை இடக்காதுத் தண்டிற் கூடச் சரியாய் ஏறாது. மாமியார் மருமகளுக்குத் தோட்டைக் கொடுக்கும்போது, “சுரையை மாற்றிவிடாதே, அம்மா” என்று சொல்லிக் கொடுப்பதும் இதனாலேயே. ஒவ்வொரு சுரையும் தன் தண்டுக்கென்றே வெட்டப்பட்டது.

ஐரோப்பாவிலும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இரும்பு மரையாணிகளின் நிலை இதுவாகவே இருந்தது. ஓர் இயந்திரத்தைப் பிரித்தால் எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு உரியதென்று அடையாளம் இட்டு வைப்பர். கலந்து போயின் பொருத்துவார் பாடு பெரும்பாடு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்னும் தொழிலறிஞர் 1800ஆம் ஆண்டை ஒட்டித் துல்லியமாய் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை அமைத்துத் தம் பட்டறைக்குள்ளேனும் மரைகளை ஒரு படித்தாக்கினார். அவரிடம் வேலை பார்த்தவருள் ஒருவர் ஜோசப் விட்வொர்த்து. 1803இற் பிறந்த இவர் மாஞ்செஸ்டர் நகரிற் சொந்தப் பட்டறை நிறுவி, இங்கிலாந்து முழுவதுமுள்ள பட்டறைகளிலிருந்து மரையாணிகளை வருவித்து அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டார். 1841ஆம் ஆண்டில் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தின் முன் தம் முடிவை வெளியிட்டார். கோணம் 55 பாகை. வரம்பின் உச்சியும் அடியும் உருண்டவை. கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, முக்கால் அங்குலத்துக்கு 10, ஓரங்குலத்துக்கு 8. எவருடைய முறையும் வென்றதாகவோ எவருடைய முறையும் தோற்றதாகவோ தோன்றாதபடி நடுவு கண்டமையே அவர் வெற்றிக்குக் காரணம் என்பது எம் கருத்து. இக்காலத்துச் சங்கங்கள் கற்கவேண்டிய உபாயம் இது, அது நிற்க.

1850களில் நிகழ்ந்த கிரிமியப் போரின்போது ஆங்கிலக் கடற்படைக்கு அவசரமாய்ப் பீரங்கிப் படகுகள் வேண்டியிருந்தன. ஜான் பென் என்னும் இயந்திரத் தொழிலதிபர் மாதிரி எஞ்சினைப் பிரித்து, அதன் உறுப்புக்களைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தனுப்பி, 90 நாட்களில் 90 எஞ்சின் செய்து முடித்தார் என்பர். எங்கெங்கோ செய்த உறுப்புக்கள் ஓரிடத்திற் கூடிப் பொருந்தியது விட்வொர்த்து மரையின் பயனாலேயாகும்.

இனி, பிரான்சு தேசத்தின் செய்தி. 1795இல் மீட்டரைச் சட்டமாக்கி, 1840 முதல் அதனைக் கட்டாயமுமாக்கிய அந்நாட்டில், அங்குலத்தை அடிப்படையாகக் கொண்ட மரையை ஏற்க மனம் வரவில்லை. ஆயினும் ரயில் கம்பெனிக்கு ஒரு மரை, கடற்படைக்கு ஒரு மரை, தனியார் பட்டறைக்கு ஒரு மரையென்று பல காலம் அங்கும் குழப்பமே. 1894ஆம் ஆண்டில் பாரீசிலுள்ள தேசியத் தொழில் ஊக்கச் சங்கத்தார் மில்லிமீட்டர்க் கணக்கில் ஒரு முறையை வகுத்தனர். 1898இல் சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிச்சு நகரிற் கூடிய மாநாடு அதனைத் தழுவிச் சர்வதேச முறையொன்றை ஏற்றது. இதன் கோணம் 60 பாகை, உச்சி தட்டையானது. இந்த 60 பாகை பிரெஞ்சுக்காரரின் சொந்தக் கற்பனையன்று. அமெரிக்காவிற் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ் என்பார் 1864இலேயே, உருண்ட உச்சியை வெட்டுவது கடினம், 55 பாகையை அளப்பதும் கடினம் என்று கூறி, 60 பாகைத் தட்டை மரையை முன்வைத்திருந்தார். முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஒத்திருந்தால் 60 பாகை தானே அமையுமன்றோ? எளிய பட்டறையும் அதனை உண்டாக்கிச் சோதித்துக்கொள்ளும். அளவு பிரான்சினது, கோணம் அமெரிக்காவினது. இவ்விரண்டும் கூடியதே நாம் மீட்டர் மரை என்று வழங்குவது.

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று எதிர்கொண்ட ஊர்களுள் நம் புதுவையும் ஒன்று. ஆளுகை பிரெஞ்சுக்காரருடையது, நாற்புறமும் சூழ்ந்த நாடு ஆங்கிலேயருடையது. சாவடி தாண்டினால் சட்டம் வேறு, அளவும் வேறு. துறைமுகத்தின் வழியே பிரெஞ்சுக் கப்பல்களில் வந்திறங்கிய பொருள்களில் மில்லிமீட்டர் மரை. நிலத்தின் வழியே சென்னையிலிருந்து வந்தவற்றில் அங்குல மரை. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அதனை நடத்தியது தென்னிந்திய ரயில்வே. எஞ்சினும் வண்டியும் ஆங்கில முறையின. ஆதலின் அவற்றின் ஆணிகளும் அங்குல ஆணிகளே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாதையின் அகலம் சரியாய் ஒரு மீட்டர். 1870ஆம் ஆண்டளவில், மேயோ பிரபு இராஜப்பிரதிநிதியாய் இருந்தபோது, இந்தியா விரைவில் மீட்டர் அளவை மேற்கொள்ளும் என்னும் எதிர்பார்ப்பினால் சிறு பாதைகளுக்கு அவ்வகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மீட்டர் அளவோ அப்போது வரவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறாண்டு கழித்தே வந்தது. பிரெஞ்சு மண்ணில், பிரெஞ்சு அளவாகிய மீட்டர் அகலத்தில் தண்டவாளத்தை இட்டு, அதனை ஆங்கில அங்குல ஆணியால் முடுக்கினர் ஆங்கிலேயர்!

ஆலைகளின் நிலையும் இதுவே. நூற்பாலைத் தொழில் 1820களின் இறுதியிலேயே இவ்வூரிற் கால்கொண்டது. பின்னர்ச் சவானா ஆலை, கேப்ளே ஆலை, 1898இல் எழுந்த ரோடியர் ஆலை ஆகியவை நகரத்தின் உயிர்நிலையாயின. இவற்றையே பிற்காலத்தார் முறையே சுதேசி, பாரதி, ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலைகள் என்று அறிவர். அக்காலத்தில் தென்னாட்டு ஆலைகளுக்கு நூற்பு இயந்திரங்களும் தறிகளும் பெரும்பாலும் வந்தது லங்காஷயரினின்றே. விட்வொர்த்தின் மாஞ்செஸ்டர் அந்த லங்காஷயரின் நடுநாயகம். ஆகவே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த ஆலைக்குள் ஆங்கில மரை அரசு செலுத்திற்று. ஆலைக்கு வெளியே பிரான்சிலிருந்து வந்த மோட்டார் வண்டியிலும் மிதிவண்டியிலும் மில்லிமீட்டர் மரை இருந்தது. மூன்றாவது ஆலையின் பெயரில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சிறு கோடொன்றால் இணைந்து நின்றன. பட்டறை மேசைமீது அவை அவ்வளவு எளிதாய் இணைந்தில.

மிதிவண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஏனெனில் புதுவையில் மிதிவண்டி ஏறாத குடும்பம் இல்லை. ஆங்கில வண்டியின் பெடல் தண்டு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பிரெஞ்சு வண்டியின் பெடல் தண்டு 14 மில்லிமீட்டர், மரையிடை 1.25 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்ப்பின், 9/16 அங்குலமென்பது 14.29 மில்லிமீட்டர், 20 மரையென்பது 1.27 மில்லிமீட்டர் இடை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிரெஞ்சு வண்டிக்கு உள்ளூர்க் கடையில் வாங்கிய ஆங்கிலப் பெடலை வலிந்து முடுக்கினால், அது மரையைத் தின்றுகொண்டு உள்ளே போகும். பின்னர்ப் பழைய பெடலும் அதில் நில்லாது ஆடும். வண்டியின் காம்பு கெட்டதென்று பழி வரும், கெட்டது காம்பன்று.

1954 நவம்பர் முதல் நாளிற் புதுவை இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1962 ஆகஸ்டு 16இற் சட்டப்படியும் இணைந்தது. அதே காலத்தில் இந்திய அரசாங்கம் 1956ஆம் ஆண்டு அளவைச் சட்டத்தால் மீட்டர் முறையை ஏற்று, 1958 அக்டோபர் முதற் படிப்படியாய் நடைமுறைக்குக் கொணர்ந்தது. பிரெஞ்சுக்காரர் போனார், அவர்தம் அளவு அடுத்த வாயிலால் உள்ளே வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் ஆங்கில மரையைப் பயின்ற எம்மூர்த் தொழிலாளர், இந்திய ஆட்சியில் மீட்டர் மரையைப் பயில நேர்ந்தது. இதைக் காட்டிலும் விந்தையான மாற்றம் வேறெங்கேனும் நிகழ்ந்ததோ அறியோம்.

இந்த மாற்றம் ஒரு நாளில் நிகழ்வதன்று. படியும் வீசையும் கிலோவும் லிட்டருமாக மாறச் சில ஆண்டுகள் போதும். கடைக்காரர் புது எடைக்கல் வாங்கினால் முடிந்தது. இயந்திரமோ ஐம்பதாண்டு நூறாண்டு உழைப்பது. 1910இற் செய்த இயந்திரத்தின் ஆணி அங்குல ஆணியாகவே இருக்கும். அதன் பக்கத்தில் 1970இல் வாங்கிய மோட்டாரின் ஆணி மில்லிமீட்டர் ஆணி. ஒரே கூரையின் கீழ், ஒரே தகரப் பெட்டியில், இரு குலத்து நட்டுகளும் கலந்து கிடந்த காலம் அது.

அக்காலத்தில் எமக்கு நேர்ந்ததொன்றைச் சொல்லவேண்டும். 1970களில், இளமைப் பருவத்தில், நகரத்தின் ஒரு பட்டறையில் நாம் தொழில் பயின்று வந்தோம். அதன் பெயர் இங்கு வேண்டா. உத்தரத்தில் முக்கால் அங்குலப் போல்ட்டு ஒன்றால் தொங்கவிடப்பட்ட சங்கிலிக் கப்பி ஒன்றிருந்தது. ஒரு நாள் அதனை இடம் மாற்றியபோது நட்டு கை தவறிச் சாக்கடையில் விழுந்தது. எம்மோடு பயின்ற இளைஞர், எம்மினும் இரண்டாண்டு சிறியவர், பெட்டியைக் கிளறி ஒரு புது நட்டைக் கொணர்ந்தார். அது 20 மில்லிமீட்டர் நட்டு. “அண்ணே, நன்றாக ஏறுகிறது” என்றார். நாமும் பார்த்தோம். கையாலேயே இறுதிவரை ஏறிற்று. சிறிது ஆடிற்று, முடுக்கியபின் ஆட்டம் நின்றது. போல்ட்டின் தலைக்கு 33 மில்லிமீட்டர் அகலத்துப் பழைய ஸ்பானரும், நட்டுக்கு 30 மில்லிமீட்டர் ஸ்பானரும் எடுத்து முடுக்கினோம். ஒரே ஆணிக்கு இரு வேறு ஸ்பானர் ஏன் என்று எமக்கும் தோன்றவில்லை, மேஸ்திரிக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு மோட்டாரைத் தூக்கும்போது நட்டின் மரை முழுவதும் வழித்துக்கொண்டு கழன்றது. கீழே கை வைத்திருந்தவர் அந்த இளைஞரே. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. கடைசல் வேலையில் தேர்ந்து வரவேண்டிய கை அது.

பட்டறையில் மரையளவி இல்லாமலில்லை. விலையுயர்ந்ததென்று முதலாளியின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தனர்.

இவ்வாறு நேர்ந்ததன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 10 மரையென்பது 2.54 மில்லிமீட்டர் இடை. 20 மில்லிமீட்டர் நட்டின் மரையிடை 2.5. இடைகளின் வேறுபாடு ஒரு மரைக்கு 0.04 மில்லிமீட்டர், நட்டின் உள்ளே உள்ள ஆறேழு மரைகளுக்கும் கூட்டினும் கால் மில்லிமீட்டரளவே. போல்ட்டோ நட்டைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மெலிந்தது. அந்த இடைவெளியில் இவ்வேறுபாடு மறைந்துவிட, நட்டு தடையின்றி ஏறிவிடுகின்றது. ஏறியபின் வரம்புகள் முழு ஆழத்துக்குத் தழுவுவதில்லை. கோணம் 55உம் 60உமாய் வேறுபடுதலாற் சரிவுகள் படிவதுமில்லை. இடை வேறுபடுதலால் பாரம் முழுவதும் ஒரு முனையிலுள்ள ஓரிரு மரைகளின்மீதே விழுகின்றது. அவை வழித்தால் அடுத்தவை, அவற்றின்பின் மற்றவை.

இதற்கு மாறாக, 16 மில்லிமீட்டர்ப் போல்ட்டை 5/8 அங்குல நட்டில் இட்டுப் பாருங்கள். பருமன் ஏறத்தாழ ஒன்றே. 5/8 அங்குலமென்பது 15.875 மில்லிமீட்டர். ஆயின் இடை 2 மில்லிமீட்டருக்கு எதிராய் 2.31. ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அறியாதவரும் கைவிட்டு வேறு நட்டுத் தேடுவர். 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டும் அரை அங்குல நட்டும் அவ்வாறே, 1.75க்கு எதிர் 2.12. பிள்ளைகள் அஞ்சவேண்டுவது ஏறாத நட்டுக்கு அன்று, எளிதாய் ஏறும் நட்டுக்கே.

உலகம் இப்பாடத்தைப் பெருஞ்செலவிற் கற்றது. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்புப் படையினர் ரயிலில் விரைந்து வந்தனர். அவர்கள் கொணர்ந்த நீர்க்குழாய்களின் மரை பால்டிமோர் நகரத்து நீர்க்கம்பங்களின் மரையோடு பொருந்தவில்லை. வந்தவருட் பலர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, 1500க்கு மேற்பட்ட கட்டிடங்கள் எரிந்தன. இரண்டாம் உலகப் போரிலோ ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஓரணியில் நின்றும், ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டுக்கு உதவவில்லை. அதன் பயனாய் 1948 நவம்பரில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் கூடி 60 பாகையில் ஒருமித்த அங்குல மரையை ஏற்றன. 55 பாகையை விட்வொர்த்தின் நாடே கைவிடலாயிற்று. 1947இல் அமைந்த சர்வதேசத் தர நிர்ணய நிறுவனத்தின் தொழிற்குழுக்களுள் முதல் எண் பெற்றது மரைக்கான குழுவே. உலக மீட்டர் மரை அக்குழுவின் வழி உருவாயிற்று. அதனைத் தழுவிய இந்தியத் தரமே ஐ.எஸ். 4218 என்பது.

மரையளவியைத் தேர்வதும் கையாள்வதும் பற்றி இனிக் கூறுவோம். பிள்ளைகள் வேண்டுவது இப்பகுதியையே. புதுவையிற் பழைய இயந்திரத்தைத் தொடுவார்க்கு ஒரு கூடு போதாது. 55 பாகை என்று பொறித்த விட்வொர்த்துக் கூடு ஒன்று, 60 பாகை என்று பொறித்த மீட்டர்க் கூடு ஒன்று, ஆக இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டின் இரு முனையிலும் அமைத்து விற்பதுமுண்டு, அதுவே நலம். விட்வொர்த்துத் தகட்டில் 10, 12, 16 என்பன போன்ற முழு எண்கள் இருக்கும். அவை அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதைக் குறிப்பன. மீட்டர்த் தகட்டில் 1.25, 1.5, 1.75 என்று இருக்கும். அவை இடையின் மில்லிமீட்டர் அளவு. முதலதில் எண் பெருகின் மரை நுண்ணிதாகும். இரண்டாவதில் எண் பெருகின் மரை பருமனாகும். புதியவர் இதில் மயங்குவது இயல்பு. பாகை பொறிக்காத கூட்டை எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க. வாங்குமுன், நன்கறிந்த ஒரு புது ஆணியை உடன் கொண்டுபோய்த் தகட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தே காசு கொடுக்கவேண்டும்.

ஆணியை முதலில் மண்ணெண்ணெயிற் கழுவி, துருவைக் கம்பித் தூரிகையால் நீக்குக. அழுக்கின்மேல் வைத்த அளவி பொய் சொல்லும். பின்னர் வெர்னியரால் வெளிப் பருமனை அளந்து கொள்க. ஆயின் பருமனை மட்டும் நம்பிவிடலாகாது. தேய்ந்த ஆணி மெலிந்தே இருக்கும். அடுத்து, தகட்டை ஆணியின் நீளத்தோடு நேராய் வைத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராய்ப் பிடித்து நோக்குக. சரியான தகடாயின் பற்கள் அடிவரை அமர்ந்து, இடையே ஒளிக்கீற்றுத் தோன்றாது. அடியில் மட்டும் அல்லது உச்சியில் மட்டும் ஒளி தோன்றின், இடை ஒத்தும் கோணம் ஒவ்வாதிருக்கலாம். மற்றக் கூட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையிற் படிந்து மறு முனையில் மெல்ல மெல்ல விலகி எழுமாயின், அஃது இடை ஒவ்வாமையின் அடையாளம். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் தவறான தகடும் படிந்தது போலத் தோன்றும்.

1.25 மில்லிமீட்டரும் 20 மரையும் போல, 2.5 மில்லிமீட்டரும் 10 மரையும் போல, மிக நெருங்கிய இணைகளைத் தகடு கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது. தகட்டின் நீளம் சிறிது. வேறுபாடு அதனுட் புலப்படாது. அங்ஙனமாயின் நீண்ட ஆணியொன்றில் 20 மரைகளை எண்ணி அளவுகோலால் அளந்து கொள்க. 1.25 ஆயின் 25 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 20 ஆயின் 25.4. அரை மில்லிமீட்டர்க் கோடிட்ட நல்ல எஃகு அளவுகோல் இதனைக் காட்டிவிடும். எமது பட்டறைப் போல்ட்டில் அன்று பத்து மரைகளை எண்ணி அளந்திருந்தால் 25.4 என்றே வந்திருக்கும்.

நட்டின் உள்மரையை அளப்பது கடினம். பெரிய நட்டாயின் தகட்டின் நுனியை உள்ளே செலுத்திப் பார்க்கலாம். சிறியதாயின், இன்னதென்று முன்னரே தெளிந்த போல்ட்டை எடுத்துக் கையால் ஏற்றிப் பார்ப்பதே வழி. அது முழுவதும் ஏறவேண்டும், ஆடவும் கூடாது. இரண்டும் கூடினாலே பொருத்தம். பழைய ஆலைப் பொருள்களை எடுத்து வேலை செய்வார், வகைக்கு ஒன்றாய் நல்ல போல்ட்டுகளைப் பலகையில் வரிசையாய்ப் பொருத்திப் பெயரெழுதி வைப்பது நலம். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பின் அது மீட்டர் ஆணியே. அமெரிக்க இயந்திரம் வந்தால் வேறொன்றும் கவனிக்கவேண்டும். அவர்தம் அரை அங்குலத்துக்கு 13 மரை, விட்வொர்த்தினது 12. மற்றப் பெரும்பாலான அளவுகளில் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், கோணம் மட்டும் வேறு. தகட்டை அழுக்குச் சுரண்டவும் பெயின்டு டப்பாத் திறக்கவும் பயன்படுத்துவாரைக் கண்டிருக்கின்றோம். பல் ஒன்று மழுங்கினால் அத்தகடு பொய்ச்சாட்சி.

மின்கருவிகளிலும் பழைய அளவுமானிகளிலும் காணப்படும் பி.ஏ. என்னும் சிறு மரையையும் குறிப்பிடாமற் செல்லலாகாது. 1884இல் இங்கிலாந்து அறிவியற் சங்கம் பரிந்துரைத்தது அது. கோணம் 47½ பாகை. அவ்வரிசையிற் சுழி எண் ஆணி 6 மில்லிமீட்டர்ப் பருமன், 1 மில்லிமீட்டர் இடை. மூலம் சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழிலாளர் மரபு. ஆங்கிலப் பெயர் தரித்து வந்த மீட்டர் மரை! அளவு நம் 6 மில்லிமீட்டர் ஆணியோடு ஒத்தும், கோணம் வேறுபடுதலால் இரண்டும் மாற்றத்தக்கன அல்ல.

ஆலைகளின் காலம் முடிந்தது. ரோடியர் ஆலை 2011 டிசம்பரில் வீசிய தானே புயலாற் சேதமுற்று, பின்னர் 2020இல் முற்றும் மூடப்பட்டது. அங்குல ஆணிகளில் மிகப் பலவும் பழைய இரும்பாய் எடைக்குப் போயின. அவற்றோடு நம் பெரியோர் சிலரின் கருவிப் பெட்டிகளும் போயின என்று கேள்வியுறுகின்றோம். 55 பாகைக் கூடு இப்போது கடைகளில் எளிதிற் கிடைப்பதன்று. பழைய இயந்திரத்தைப் பேணுவோர் அதனைத் தேடி அலைகின்றனர். வீட்டிற் பெட்டியிருப்பின், இரும்பு வாங்குவோர் வரும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அங்குல மரை நம் ஊரை விட்டு அடியோடு போய்விட்டதென்று எண்ணவேண்டா. நீர்க்குழாயின் மரை இன்றும் விட்வொர்த்து மரபினதே, 55 பாகை, அரை அங்குலக் குழாய்க்கும் முக்கால் அங்குலக் குழாய்க்கும் அங்குலத்துக்கு 14 மரை, ஓரங்குலக் குழாய்க்கு 11. அரை அங்குலக் குழாயை அளந்தால் வெளிப் பருமன் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் வரும். உட்பருமன் அரை அங்குலத்தினும் மிகுதி. எந்தப் பக்கம் அளந்தாலும் அரை அங்குலம் வராது. மீட்டரை உலகுக்கு அளித்த பிரான்சு தேசத்திலும் குழாய் மரை இதுவே. அங்குலம் என்று சொல்ல நாணி, 15/21 என்று உள்ளும் புறமுமாய் மில்லிமீட்டரிற் பெயரிட்டு வழங்குகின்றனர். பாரீசிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொணர்ந்த நீர்க்குழாய்த் திருகை எம் வீட்டு முற்றத்துக் குழாயிற் சென்ற ஆண்டு பொருத்தினோம். தகட்டை வைத்துப் பார்த்தபின்னரே முடுக்கினோம். 14 என்னும் தகடு ஒளி தோன்றாமற் படிந்தது.